காலிக் கட்டம் வேறு, பூஜ்ஜியம் வேறு: அமெரிக்காவில் ஒரு புது கெமிக்கலை அரசுக்கு அறிவிப்பது எப்படி?

போன சில எபிசோட் முழுக்க டேட்டாபேஸ், ஏபிஐ என்றே ஓடிவிட்டது. இன்றைக்கு அதே டேட்டாபேஸ் புத்தியை வைத்துக்கொண்டு வேறொரு ஊருக்குப் போகலாம். அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஒரு புது வேதிப்பொருளைத் தயாரிக்கப் போகிறது என்றால், அதற்கு முன்னாடி அரசிடம் என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்? அதுதான் இன்றைய விஷயம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். நம்ம ஊரில் பாதிப் பேர் மாதிரி, படித்து முடித்ததும் ஐடிக்கு வந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், ஒரு அமெரிக்க கிளையன்ட்டுக்காக ஒரு டூல் எழுதினோம். அவர்கள் கம்பெனியின் பல பிரிவுகளிலிருந்து வரும் தகவலைச் சேர்த்து, இந்த அறிவிப்புக்கு வேண்டிய வரைவைத் தயார் செய்து கொடுக்கும் டூல். "கெமிக்கல் படிச்ச பையன் இருக்கானே" என்று என்னை அதில் போட்டுவிட்டார்கள்.

அங்கே நான் ஒரு தப்பு பண்ணினேன். ஃபார்மில் "தண்ணீரில் கலப்பது எத்தனை கிலோ" என்று ஒரு ஃபீல்டு. நிறைய பேர் அதைக் காலியாக விட்டிருந்தார்கள். காலியாக இருந்தால் கூட்டல் கணக்கு எரர் அடிக்குது. நான் என்ன பண்ணினேன்? டீஃபால்ட்டாக 0 போட்டுட்டேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். எனக்கு ஒரே சந்தோஷம்.

டெமோ அன்றைக்கு கிளையன்ட் பக்கத்தில் ஒரு மூத்த கெமிஸ்ட் அம்மா. ஸ்கிரீனைப் பார்த்துட்டு அமைதியாகக் கேட்டார்: "இந்த 0 யார் சொன்னது?" யாரும் சொல்லலை, காலியாக இருந்தது, அதனால் போட்டேன் என்றேன். "அப்போ ஆற்றில் ஒரு கிராம்கூடப் போகாது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இதற்குக் கீழே எங்கள் ஆள் கையெழுத்துப் போடுவார்" என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த 0 ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரியணும் என்றால், முதலில் சட்டத்தைப் பார்க்கணும்.

'புதுசு' என்றால் என்ன?

1976-இல் ஜெரால்டு ஃபோர்டு ஜனாதிபதியாக இருந்தபோது வந்தது டாஸ்கா சட்டம். நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று சொல்லலாம். அதை நடத்துவது ஈபிஏ, அதாவது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மருந்து, உணவு, அழகுசாதனம், பூச்சிக்கொல்லி இதெல்லாம் இதில் வராது. அவற்றுக்குத் தனிச் சட்டங்கள் இருக்கு. பெயின்ட், பசை, லூப்ரிகன்ட், பிளாஸ்டிக், சாயம் மாதிரி தொழில் பொருட்களுக்குள் போகும் வேதிப்பொருட்கள்தான் இங்கே கதை.

இந்தச் சட்டத்தில் 'புதுசு' என்பது அறிவியல் சொல் இல்லை. அது ஒரு பட்டியல் சார்ந்த சொல். ஈபிஏவிடம் இன்வென்டரி என்று ஒரு பட்டியல் இருக்கு. 1979-இல் முதலில் வெளியானபோது சுமார் 62,000 பொருட்கள். இப்போது 86,000-க்கு மேல். அதில் இருந்தால் பழசு. இல்லையென்றால், உலகம் முழுக்க இருபது வருஷமாக விற்றுக்கொண்டிருந்தாலும் அமெரிக்காவுக்கு அது புதுசு.

இதில் ஒரு சிக்கல். பட்டியலில் ஒரு பகுதி ரகசியம். வியாபார ரகசியம் என்று கம்பெனிகள் கோரியதால், அந்தப் பொருட்களின் சரியான பெயர் வெளியே தெரியாது. அதனால் பொதுப் பட்டியலில் தேடிக் கிடைக்கவில்லை என்றவுடனே 'புதுசு' என்று முடிவு கட்ட முடியாது. "நாங்கள் இதை உண்மையிலேயே தயாரிக்க இருக்கிறோம், பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஈபிஏவுக்குத் தனியாக விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கு.

புதுசுதான் என்று தெரிந்தால், தயாரிக்கத் தொடங்குவதற்குக் குறைந்தது 90 நாள் முன்னால் அறிவிப்பு கொடுக்கணும். பெயர் பிஎம்என்: உற்பத்திக்கு முந்தைய அறிவிப்பு. சட்டத்தின் கண்ணில் இறக்குமதியும் உற்பத்திதான். ஆக, வெளிநாட்டிலிருந்து வாங்கி இறக்குபவருக்கும் இதே கடமை.

எல்லாவற்றுக்கும் முழு பிஎம்என் வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்காகச் சிறிய அளவில் செய்வதற்கு விலக்கு இருக்கு. வருஷத்துக்கு 10,000 கிலோவுக்கு மேல் போகாது என்றால் 'குறைந்த அளவு விலக்கு' கேட்கலாம், அதற்கு 30 நாள் பரிசீலனை. சில வகை பாலிமர்களுக்கு, நிபந்தனைகள் பொருந்தினால், முன்கூட்டியே எதுவும் கொடுக்க வேண்டாம். பெரிய மூலக்கூறு உடம்புக்குள் எளிதில் போகாது என்பதுதான் அதற்கான காரணம்.

ஃபார்முக்குள் என்ன இருக்கு?

ஃபார்ம் எண் 7710-25. ஆன்லைனில்தான் தரணும். மூன்று பாகம். முதல் பாகத்தில் யார் நீங்கள், பொருள் எது, எவ்வளவு, எதற்கு. இரண்டாவது பாகத்தில் மனிதர்கள் மேல் படுவது, சுற்றுச்சூழலில் கலப்பது. மூன்றாவது, இணைப்புகளின் பட்டியல்.

முதல் தலைவலி, பெயர். சரியான வேதிப்பெயரும் அமைப்பும் வேணும். வெறும் பிராண்டு பெயர் செல்லாது. வினையின்போது பல பொருட்கள் கலந்து வந்தால் அதையும் விவரிக்கணும். உடன் வரும் கசடு, துணைப் பொருட்கள் எல்லாம் எழுதணும். இறக்குமதி செய்பவருக்குப் பல நேரம் உள்ளே என்ன இருக்கு என்றே தெரியாது. விற்பவர் ஃபார்முலாவைச் சொல்ல மாட்டார். அப்போது விற்பவரே நேரடியாக ஈபிஏவுக்கு ஒரு ஆதரவுக் கடிதம் அனுப்பலாம். வாங்குபவர் கண்ணில் படாமலே தகவல் போய்ச் சேர்ந்துவிடும்.

அளவு கேட்கும்போது இரண்டு எண் கேட்பார்கள்: முதல் 12 மாதத்தில் எவ்வளவு, முதல் மூன்று வருஷத்துக்குள் ஏதாவது ஒரு 12 மாதத்தில் அதிகபட்சம் எவ்வளவு. மார்க்கெட்டிங் ஆட்களிடம் கேட்டால் ஆசையைச் சொல்வார்கள். ஆனால் ஈபிஏ அந்தப் பெரிய எண்ணை வைத்துத்தான் ஆபத்தைக் கணக்கிடும்.

நான் முட்டிக்கொண்டது இரண்டாவது பாகத்தில். அங்கே தயாரிப்பு முறையை ஒரு படமாக வரையணும். மூலப்பொருள் எங்கே கொட்டப்படுகிறது, எங்கே சாம்பிள் எடுக்கிறார்கள், எங்கே வடிகட்டுகிறார்கள், எந்த இடத்தில் எவ்வளவு வெளியே போகிறது என்று ஒவ்வொரு படியாக. பிறகு ஆட்கள். எத்தனை பேர், என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை நாள், பொருள் அப்போது பொடியா திரவமா, கையில் என்ன உறை, முகத்தில் என்ன மாஸ்க். உங்கள் ஆலை மட்டும் இல்லை, அதை வாங்கிப் பயன்படுத்தும் அடுத்தவர் ஆலைகள் பற்றியும் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லணும்.

ஒரு டிரம் கணக்கு

அந்த கெமிஸ்ட் அம்மா அன்றைக்கு எனக்கு ஒரு டிரம் கணக்கு போட்டுக் காட்டினார். அதே மாதிரி ஒன்று இப்போது போடலாம்.

ஒரு திரவம், வருஷத்துக்கு 10,000 கிலோ, 200 கிலோ டிரம்களில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 டிரம். டிரம்மை பம்ப் வைத்துக் காலி செய்தால் அடியிலும் சுவரிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும் இல்லையா? ஈபிஏவின் மாதிரிக் கணக்கில் அது 3 சதவீதம் வரை போகும். ஒரு டிரம்முக்கு 6 கிலோ. 50 டிரம்முக்கு 300 கிலோ. அந்த டிரம்மைக் கழுவினால் 300 கிலோவும் கழிவுநீரோடு போகும்.

இப்போது ஒரு ஆலையில் டிரம் கழுவிய கரைப்பானை அடுத்த பேட்ச்சிலேயே ஊற்றிவிடுகிறார்கள் என்று வையுங்கள். அங்கே தண்ணீரில் போவது உண்மையிலேயே 0. ஆனால் அது தானாக வந்த 0 இல்லை. "கழுவிய திரவம் பேட்ச்சுக்குத் திரும்பப் போகிறது" என்று ஒருத்தர் நேரில் பார்த்து எழுதிய 0.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? தேவையான தகவல் இல்லை என்றால் அறிவிப்பு முழுமை இல்லை என்று திருப்பிவிடலாம். முழுமை ஆகும்வரை அந்த 90 நாள் எண்ணத் தொடங்காது. எடுத்துக்கொண்டாலும், விவரம் போதாத இடத்தில் அவர்கள் மாடல்களின் பாதுகாப்பான அனுமானங்களை வைப்பார்கள். 'பாதுகாப்பான' என்றால் கம்பெனிக்குப் பாதுகாப்பு இல்லை, ஆற்றுக்குப் பாதுகாப்பு. அதாவது அந்த 300 கிலோ.

என் கோடில் காலிக் கட்டத்துக்கு டீஃபால்ட் 0. அவர்கள் கணக்கில் டீஃபால்ட் மோசமான நிலை. ரெண்டும் நேர் எதிர்.

டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே?

இதைக் கேட்டதும் நிறைய பேர் கேட்பது: விலங்குச் சோதனை, நச்சுச் சோதனை எல்லாம் முடித்துத்தானே அனுப்புவார்கள்? இல்லை. டாஸ்கா அப்படிக் கேட்பதில்லை. உங்கள் கையில் இருக்கும் சோதனை முடிவுகளைக் கொடுக்கணும், நியாயமான முயற்சியில் தெரிந்துகொள்ள முடிந்ததைச் சொல்லணும். புதுசாகச் சோதனை செய்தே ஆகணும் என்று முன்கூட்டிய கட்டாயம் இல்லை. 2005-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ கொடுத்த அறிக்கையில், ஈபிஏவின் மதிப்பீட்டின்படி சுமார் 15 சதவீத பிஎம்என்களில்தான் உடல்நலம் அல்லது பாதுகாப்பு பற்றிய சோதனைத் தகவல் இருந்தது என்று சொல்லியிருந்தார்கள்.

ஐரோப்பாவில் ரீச் சட்டம் வேறு மாதிரி. 2007-இல் நடைமுறைக்கு வந்தது. வருஷத்துக்கு 1 டன்னும் அதற்கு மேலும் என்றால் பதிவு செய்யணும், அளவு கூடக் கூடத் தர வேண்டிய தகவலும் கூடும். தகவல் இல்லையா, சந்தை இல்லை. அதுதான் அங்கே கொள்கை.

அமெரிக்காவில் சோதனை இல்லாத இடத்தை ஈபிஏ எப்படி நிரப்புகிறது? ஒத்த அமைப்புள்ள பழைய பொருட்களைப் பார்த்து. மூலக்கூறின் அமைப்பிலிருந்து மீனுக்கு எவ்வளவு நச்சு என்று மதிப்பிட ஈகோசார் என்று ஒரு மென்பொருள் இருக்கு. தண்ணீரில் கரையுமா, மக்குமா என்று கணிக்க எபி சூட் இருக்கு. இவற்றை நீங்களும் ஓட்டிப் பார்க்கலாம். அனுப்புவதற்கு முன்னாடியே ஓட்டிப் பார்த்தால், எந்த இடத்தில் கேள்வி வரும் என்று தெரிந்துவிடும்.

90 நாளில் என்ன நடக்கும்?

முன்பெல்லாம் 90 நாள் முடிந்து ஈபிஏ ஒன்றும் சொல்லாவிட்டால் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கிவிடலாம். மௌனம் சம்மதம் மாதிரி. 2016 ஜூன் 22-இல் கையெழுத்தான லாட்டன்பெர்க் சட்டம் அதை மாற்றியது. இப்போது ஈபிஏ ஒரு முடிவை வாய்விட்டுச் சொல்லியாகணும். 'நியாயமற்ற ஆபத்து வர வாய்ப்பில்லை' என்றால் பச்சைக்கொடி. 'தகவல் போதாது' அல்லது 'ஆபத்து வரலாம்' என்றால் ஒரு உத்தரவு வரும்: இன்ன கையுறை கட்டாயம், தண்ணீரில் விடக் கூடாது, இந்த அளவைத் தாண்டினால் இன்ன சோதனை செய்யணும், இப்படி. பல நேரம் இது 90 நாளைத் தாண்டிவிடுகிறது.

கவனியுங்கள்: தகவல் இல்லாததே இப்போது ஒரு தீர்ப்புக்குக் காரணம் ஆகலாம். பழைய சட்டத்தில் காலிக் கட்டத்தை வைத்து நழுவ முடிந்தது. இப்போது அது கஷ்டம்.

எல்லாம் முடிந்து முதல் முறை தயாரித்த பிறகும் ஒரு வேலை பாக்கி. 30 நாளுக்குள் 'தொடங்கிவிட்டோம்' என்று இன்னொரு அறிவிப்பு. அது போன பிறகுதான் பொருள் இன்வென்டரியில் ஏறும். பலர் மறப்பது இதைத்தான். உங்கள் டூலில் ஒரு ரிமைண்டர் வைத்துவிடுங்கள்.

தயார் செய்பவர்களுக்கு

இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஃபார்மை மேலிருந்து கீழே நிரப்பாதீர்கள். முதலில் அந்தத் தயாரிப்புப் படத்தை வரையுங்கள். வரைந்த படத்தை ஷிஃப்ட்டில் வேலை பார்ப்பவரிடம் காட்டுங்கள். "டிரம்மை எப்படிக் கழுவுவீங்க? ஃபில்டரை மாத்தும்போது கையில் படுமா? பழைய ஃபில்டர் எங்கே போகும்?" என்று கேளுங்கள். ஆபீஸில் உட்கார்ந்து எழுதிய படத்துக்கும் அவர் சொல்வதற்கும் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தை எழுதுங்கள். எதை ரகசியம் என்று கோரப் போகிறீர்கள் என்பதையும் அதற்கான காரணத்தையும் ஆரம்பத்திலேயே குறித்து வையுங்கள். ஆனால் பாதுகாப்புச் சோதனை முடிவுகளைப் பொதுவாக ரகசியம் என்று மூடிவைக்க முடியாது.

என் டூலுக்கு வருகிறேன். அந்த 0-வை அன்றைக்கே எடுத்துவிட்டேன். அந்த ஃபீல்டுக்கு இப்போது மூன்று நிலை: 'தெரியவில்லை', 'இவ்வளவு கிலோ', 'பூஜ்ஜியம், காரணம் இது'. காரணம் எழுதாமல் 0 போட்டால் சேவ் ஆகாது. யூசர்கள் கடுப்பானார்கள். "ஒரு 0 போடறதுக்கு ஒரு பாரா எழுதணுமா" என்று டிக்கெட் வந்தது. அந்த டிக்கெட்டை நான் மூடவில்லை, பதில் எழுதினேன்: ஆமாம், எழுதணும். டிரம் கழுவுகிறவரிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

உங்கள் சிஸ்டத்தில் நல்-லை எங்கேயாவது பூஜ்ஜியமாக மாற்றுகிறீர்களா? இன்றைக்குப் போய் ஒரு தடவை தேடிப் பாருங்கள், கிடைத்ததைக் கமென்ட்டில் எழுதுங்கள். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.