பிழைத்து வந்தவரின் மாறிய குணம்

தையல் பிரித்த பிறகு

கேரளாவுக்குப் போகும் லாரிகளும் சாரல் காலத்துக் குற்றாலக் கூட்டமும் நெருக்கியடிக்கும் தென்காசிச் சாலைகளில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் உயிரோடு வீடு திரும்பினால் போதும் என்றுதான் குடும்பம் வேண்டிக்கொள்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்க வழிசெய்தது, பெரிய காரியம். ஆனால் தையல் பிரித்த சில மாதங்களில் வேறொன்று தொடங்குகிறது. சாந்தமானவர் குக்கர் விசிலுக்கே தட்டைத் தூக்கி எறிகிறார். கலகலப்பானவர் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்தும் மனைவிக்கு ஊரே சொல்லும் அறிவுரை, ‘பொறுத்துப் போம்மா.’ பொறுமை சிகிச்சை ஆகாது. மாறிய குணமும் காயத்தின் ஒரு பகுதிதான். அதையும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

‘ஸ்கேன் நார்மல்’ என்றால்?

தலை வேகமாக மோதும்போது மூளையின் முன்பகுதி, மண்டையோட்டின் கரடுமுரடான அடித்தளத்தில் உரசிக் கன்றிப்போகிறது. கோபத்தை அடக்குவதும் யோசித்துப் பேசுவதும் தானாக ஒரு வேலையைத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்தப் பகுதியின் பொறுப்பு. நரம்பிழைகள் நுண்மையாக அறுபட்டிருந்தால் சி.டி. ஸ்கேனில் அது தெரியாமலே போகலாம். ஆகவே, ‘ஸ்கேன்ல ஒண்ணுமில்லை, வேணும்னே செய்றான்’ என்று உறவினர்கள் சொல்வதை ஏற்க முடியாது. தன் மாற்றம் பலருக்குத் தெரிவதே இல்லை; மருத்துவர் கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார்கள். மனைவிதான் தனியாகப் பேச வேண்டும். எப்போது கோபம் வருகிறது, எவ்வளவு தூங்குகிறார், குடிக்கிறாரா, வலிப்பு வந்ததா என்று எழுதிக் கொண்டுபோனால் நல்லது. ஏனென்றால் இதில் சரிசெய்யக்கூடியவை பல உண்டு: தூக்கக் கேடு, மனச்சோர்வு, தீராத தலைவலி. வலிப்புக்குத் தரும் லெவெடிராசெட்டாம் மாத்திரையே சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் மாற்றித் தருவார். திடீரென மந்தமாகி, தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே மெல்ல ரத்தம் கசிந்திருக்கலாம்.

அருவியில் நின்றால் தெளியுமா?

குற்றால அருவியில் தலையைக் காட்டினால் சித்தம் தெளியும் என்பது பழைய நம்பிக்கை. குளியலின் இதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அறுவை சிகிச்சையில் மண்டையோட்டுத் துண்டை எடுத்திருப்பவர் அந்த வேகத்தின் கீழ் நிற்பது பேராபத்து. வலிப்பு உள்ளவர் வழுக்குப்பாறையில் நிற்பதும் அப்படியே.

‘இனி மாறவே மாட்டார்’ என்று கைவிடுவதும் தவறு. 1848இல் அமெரிக்காவில் இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்துப் போன பினியஸ் கேஜ், குணம் கெட்டுப்போனதற்கு எடுத்துக்காட்டாகவே பாடநூல்களில் நிற்கிறார். பின்னாளில் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அன்றாடம் மாறாத அந்த வேலை ஒழுங்கே அவரை ஓரளவு மீட்டிருக்கும் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. வீட்டிலும் அந்த ஒழுங்கு உதவும்: குறித்த நேரத்தில் சாப்பாடும் தூக்கமும், ஒரு சமயத்தில் ஒரே வேலை, சத்தமில்லாத மாலை. கோபம் ஏறும்போது வாதாடாமல் விலகிவிடலாம். மது ஒரு சொட்டும் கூடாது.

மனைவிக்கும் எல்லை உண்டு

‘காயம் என்று சொல்லி அடியையும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறீர்களா?’ என்று கேட்டால், கேள்வி நியாயமானது, பதில், இல்லை. காரணம் அவர் மூளையில் இருந்தாலும் அடி விழுவது இவர் உடம்பில். கை நீளும் வீட்டில் அரிவாளை எட்டாமல் வைத்து, பிள்ளைகளோடு போய்த் தங்க ஓரிடத்தை முன்பே பேசி வைக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181. இந்தக் குணமாற்றம் சில மாதத்தில் ஓயும் என்று நம்பி ஒருவரே சுமக்கவும் கூடாது. தலைக்காயம் பற்றி 1986இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வில், குணமாற்றத்தைச் சொன்ன குடும்பங்கள் முதலாண்டைவிட ஐந்தாம் ஆண்டில்தான் அதிகம். கொழுந்தனோ நாத்தனாரோ வாரத்தில் ஒரு நாளாவது முழுப் பொறுப்பேற்பது உபகாரம் அல்ல, கடமை. மனைவிக்கு அடிபட்டுக் கணவர் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கும் இவை பொருந்தும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அதற்கு அடிபட்டவர் சம்மதிக்க வேண்டியதில்லை. மனைவி தனக்காகவே அழைக்கலாம்.