எல்லையூர்க் கிளையும் டைரக்டர் குழுவும்

பாறசாலையில் பஸ் ஏறினால், வாயிலிட்ட வெற்றிலை கரைவதற்குள் களியக்காவிளை வந்துவிடும். 1956 நவம்பர் 1 முதல் இவை இரு ராஜ்யங்கள். விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் மரச்சீனி வியாபாரிக்கு இருபுறமும் கொடுக்கல் வாங்கல் உண்டு. அவர் சேமிப்பு ஒரு பாங்கில் இருக்கிறது. அந்தப் பாங்கை ஆள்வோர் யார்? மாணவ நண்பர்களே, வணிகவியல் படிக்காதவரும் கேட்கவேண்டிய கேள்வி இது.

பல ஊர்களில் கிளை பரப்புவதில் நன்மை உண்டு. ஓரிடத்தில் தேங்காய் விலை விழுந்து கடன் முடங்கினால், பாலராமபுரத்துத் தறி அதை ஈடு செய்யலாம். ஆனால் கிளைகள் விலக விலகக் கண்காணிப்புச் செலவு ஏறும். தொலைவிலுள்ள கிளையின் நிலை, தலைமை நிலையத்துக்குக் காகிதத்தில்தான் தெரியும். அந்தக் காகிதத்தைப் படிக்கும் டைரக்டர்கள் நிர்வாகியின் உறவினராகவோ, அவரால் பயன் பெறுவோராகவோ இருந்தால், 'இக்கடனை ஏன் கொடுத்தீர்?' என்று கேட்க நா எழுமா?

மத்திய திருவிதாங்கூரில், பாலா என்ற சிற்றூரில் 1927-இல் தோன்றிய பாலாய் சென்ட்ரல் பாங்கு, டில்லி வரை கிளை பரப்பியது. திரும்பி வாராத கடன்கள் பெருகிவிட்டன என்று கூறி, 1960 ஆகஸ்ட் 8-இல் ரிசர்வ் பாங்கு அதனை மூடும்படி கேரள உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தது. தவித்தவர்கள் சிறு சேமிப்பாளர்கள். 1962-இல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் பிறந்தது. அன்று 1,500 ரூபாய் வரைதான் காப்பு, 2020 முதல் 5 லட்சம்.

1968-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நோயின் வேரைத் தொட்டது. டைரக்டர்களுக்கும் அவர்கள் பங்கு கொண்ட நிறுவனங்களுக்கும் பாங்கு கடன் தரலாகாது என்றது. குழுவில் நூற்றுக்கு 51 பேருக்குக் குறையாமல் துறையறிவு உடையோர் வேண்டும்; அவருள் இருவரேனும் வேளாண்மை, கூட்டுறவு, சிறுதொழில் போன்றவற்றை அறிந்தவராக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது.

இந்த இரண்டாம் விதியைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. வெளியாள் வந்தால் திறமை தானே வந்துவிடாது. சுயேச்சை டைரக்டர்களால் பாங்கின் திறன் உயர்கிறதா என்பதில் ஆய்வாளர்களும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மரச்சீனிக்கு எப்போது கடன் வேண்டும், எப்போது அது திரும்பும் என்றறியாதவர், எவ்வளவு நேர்மையாளராயினும், நீட்டிய இடத்தில் கையெழுத்திடுவார். அல்லது அஞ்சி எல்லாக் கடனையும் மறுப்பார்.

1945-இல் திருவனந்தபுரத்தில் தோன்றி, 1960-இல் ஸ்டேட் பாங்கின் துணை பாங்கான திருவிதாங்கூர் பாங்கு, 2017 ஏப்ரல் 1-இல் ஸ்டேட் பாங்கிலேயே கலந்தது. குழு இப்போது கூடுவது பம்பாய்த் தலைமையின் கீழ். அந்த மேசைக்கும் பாறசாலைச் சந்தைக்கும் இடைத்தூரம் பல நூறு மைல்.