படிப்பு மிகுந்தால் வேலை கிட்டாதா?

மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர்க்குக் கொச்சிக் காயலில் ஓடும் அரசுப் படகுகள் புதியன அல்ல. அவற்றில் கயிறு வீசிக் கட்டும் பணியாளரை லஸ்கர் என்றும், படகைச் செலுத்துபவரை ஸ்ராங்கு என்றும் அழைப்பர். ஸ்ராங்கு உரிமம் பெற்றவர் லஸ்கர் வேலைக்கு வரலாமா என்று ஒரு வழக்கு எழுந்து உச்சநீதிமன்றம் வரை சென்றது. லஸ்கர் உரிமம் வேண்டும் என்று விதி கூறியிருக்க, மேலான உரிமத்தைக் காட்டுவது போதாது என 2025 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. குறைந்த தகுதி மட்டுமே உடையவர்க்குரிய இடங்களை மிகுந்த தகுதியுடையோர் நிரப்பிவிட்டால், முன்னவர் எங்கே செல்வார் என்பதும் அத்தீர்ப்பில் கருதப்பட்டது.

இதனைக் கேட்டு நம் பட்டதாரி இளைஞர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. கேரள அரசுப் பணியாளர்க்கான 1958ஆம் ஆண்டு விதிகளில், கீழ்த்தகுதியைத் தன்னுள் அடக்கிய மேற்தகுதியும் போதுமானது என்று ஒரு பிரிவு உண்டு. மின்வாரியத்தின் துணைப்பொறியாளர் வேலைக்கு டிப்ளோமா கேட்ட இடத்தில், பொறியியற் பட்டம் பெற்றோர்க்கு இப்பிரிவே துணைநின்றது. ஆகவே ஒரே படிக்கட்டின் மேற்படியா, வேறொரு படிக்கட்டா என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும். 'பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாகாது' என்று அறிக்கையே வெளிப்படையாகத் தடுக்குமாயின் நிலை வேறு.

அத்தகைய இடத்தில் பட்டத்தை மறைத்தால் என்ன? பலர் செய்ய எண்ணும் உபாயம் இதுதான். மிகவும் ஆபத்தானதும் இதுதான். பஞ்சாப் நேஷனல் வங்கியில் பியூன் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் காட்டி விண்ணப்பித்த ஒரு பட்டதாரிக்கு, 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம் இரக்கங் காட்டவில்லை. விதி தவறெனில் முன்னரே எதிர்த்திருக்க வேண்டும். மறைத்தவர்க்கு அவ்வேலையில் உரிமையில்லை என்றது.

தனியார் கடைகளிலும் கிடங்குகளிலும் சட்டம் பேசிப் பயனில்லை. பஜார் ரோட்டு முதலாளி, எம்.காம். படித்தவர் மூன்று மாதத்தில் வேறிடம் போய்விடுவாரே என்றுதான் தயங்குகிறார். அத்தயக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வேலை பழக்கும் செலவு அவருடையது. இவ்விடத்திலும் பட்டத்தை ஒளிக்க வேண்டாம். விண்ணப்பத்தில் செய்த வேலைகளை முன்னே எழுதிப் பட்டத்தைப் பின்னே வைக்கலாம். எத்தனை காலம் இருப்பீர், எச்சம்பளத்திற்கு இசைவீர் என்பதை அவர் கேட்குமுன் நீரே கூறுக. உம் படிப்பு அவருக்கு எங்ஙனம் உதவும் என்பதையும் உரைக்க வேண்டும். ஏலக்காய் ஏலம் நடக்கும் போடிநாயக்கனூர் வணிகரோடு தமிழில் பேசி, மலையாளத்தில் கணக்கு விளக்கக்கூடியவர் மசாலாக் கிடங்கிற்கு மிகையானவர் ஆகார்.

அரசு வேலையாயின், விண்ணப்பம் எழுதுமுன் தகுதிப் பகுதியை முழுவதும் படித்து, ஐயமிருப்பின் கடைசி நாளுக்கு முன்பே தேர்வாணையத்திற்கு எழுதிக் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்திக் கொள்க.