நெடுந்தொலைவு ஓட்டத்தில் அடுத்த இலக்கு

நெடுந்தொலைவு ஓட்டத்தில் அடுத்த இலக்கு என்பது, முதல் போட்டியை ஓடி முடித்த புதிய வீரர் அடுத்து எந்தத் தூரத்தை, எந்த மாதத்தில் ஓடுவது என்று முடிவு செய்வதாகும். 10 கி.மீ. முடித்த பலர் உடனே 42.195 கி.மீ. மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிடுகின்றனர். இது அவசரம். சில வாரப் பயிற்சியிலேயே மூச்சு தேறிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். முழங்கால் வலி பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வருகிறது. தசைகளில் சேர்ந்துள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து பலருக்கு 30 கி.மீ. அளவில் தீர்ந்துவிடும். ஆகவே முழு மாரத்தான் என்பது இரண்டு அரை மாரத்தான் அன்று.

அடுத்த இலக்கு நீளமானதாகவே இருக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. லட்சுமணன், 2015ஆம் ஆண்டு வூகானில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 10,000 மீட்டரில் வெள்ளியும் 5,000 மீட்டரில் வெண்கலமும் பெற்றார். 2017இல் புவனேசுவரத்தில் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். தூரம் கூடவில்லை.

பருவமும் கணக்கில் வரும். சென்னை மாரத்தான் வழக்கமாகச் சனவரியில் நடைபெறும். திருக்கோகர்ணத்தில் இருந்துகொண்டு அதற்கு 16 வாரம் பயிற்சி செய்பவர் செப்டம்பரில் தொடங்க வேண்டும். அப்போது வெயில் தணிந்திருக்காது. அடுத்து வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். நீண்ட ஓட்டங்களை விடியலுக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. வாரத்தில் நான்கு நாள் ஒதுக்க இயலாதவருக்கு அந்த ஆண்டு 21 கி.மீ. அரை மாரத்தானே போதும். அதற்கு முன் இன்னொரு 10 கி.மீ. ஓடிப் பார்க்கலாம்.