ஒரு சோதனைச் சீட்டும் சில குறியீடுகளும்

கர்ப்பம் உறுதியானதும் எடுக்கச் சொல்லும் ரத்தப் பரிசோதனைகளில் ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி. ஆகியவற்றோடு, சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான ‘வி.டி.ஆர்.எல்.’ என்றும் ஒரு வரி இருக்கும். பெரும்பாலானோருக்கு ‘நான்-ரியாக்டிவ்’ என்று வந்துவிடும். பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எப்போதாவது ஒருவருக்கு ‘ரியாக்டிவ், 1:4’ என்று வந்தால்தான் வீட்டில் புயல் கிளம்புகிறது. கணவர் மனைவியைப் பார்க்கிறார், மாமியார் இருவரையும் பார்க்கிறார். சீட்டில் எழுதியிருப்பதற்கு என்ன பொருள் என்று ஆய்வகத்தில் கேட்கத்தான் யாருக்கும் வாய் வருவதில்லை.

கிருமியைக் கண்டதாக அந்தச் சீட்டு சொல்லவில்லை. சிபிலிஸை உண்டாக்கும் சுருள் வடிவக் கிருமியை 1905இல் பெர்லினில் ஷௌடினும் ஹாஃப்மனும் கண்டறிந்தார்கள். மறு ஆண்டே வாசர்மன் குழுவினர் ரத்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தார்கள். சிபிலிஸால் இறந்த சிசுவின் ஈரலில் கிருமி மண்டிக் கிடக்கும் என்பதால் அதன் சாற்றைப் பயன்படுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், கிருமியே இல்லாத மாட்டு இதயத்தின் சாறும் அதே வேலையைச் செய்தது! அந்தச் சாற்றிலிருந்து 1941இல் மேரி பாங்போர்ன் பிரித்தெடுத்த கொழுப்புப் பொருளுக்குக் கார்டியோலிபின் என்று பெயர். வி.டி.ஆர்.எல்., அதே வகையைச் சேர்ந்த ஆர்.பி.ஆர். ஆகிய சோதனைகள் இரண்டும் இன்றுவரை அதை நம்பித்தான் நடக்கின்றன.

அதனால், கார்டியோலிபினுக்கு எதிர்ப்பொருள் சுரக்கும் எந்த உடலிலும் இந்தச் சோதனை ‘ரியாக்டிவ்’ காட்டலாம். லூபஸ், தொழுநோய், மலேரியா, முதுமை என்று காரணங்கள் பல. கர்ப்பமும் அதில் ஒன்று என்பதுதான் கொடுமை. இப்படி வரும் பொய்யான விடைகள் பெரும்பாலும் 1:8க்குக் கீழே நிற்கும். ஆனால் உண்மையான நோயும் அந்த அளவில் இருக்கலாம். ஆகவே, கிருமிக்கே எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் டி.பி.எச்.ஏ. போன்ற இரண்டாவது சோதனை தேவை. அதற்கு வேறொரு குறை உண்டு: ஒருமுறை ‘பாசிட்டிவ்’ ஆனால், நோய் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும்.

மருந்து வேலை செய்ததா என்பதற்கு மீண்டும் வி.டி.ஆர்.எல்.தான். 1:4 என்றால், ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நான்கு மடங்கு நீர்க்கச் செய்தும் சோதனை பேசுகிறது என்று அர்த்தம். 1:32 இருந்தது 1:8 ஆனால் சிகிச்சை பலித்திருக்கிறது. 1:8 என்பது 1:4 ஆனதைக் கொண்டாட வேண்டாம். ஒரு படி ஏற்ற இறக்கம் சோதனையிலேயே இயல்பு. எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தால், நீர்க்கச் செய்யாத சீரம் ‘நான்-ரியாக்டிவ்’ என்று ஏமாற்றுவதும் உண்டு.

இனி ரெக்கார்டு ரூமுக்குப் போவோம். நோய்களுக்கு எண் கொடுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 தொகுப்பில், ‘ரத்தச் சோதனையில் பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏ53.0 என்ற எண் விழும். அது காலம் தெரியாத மறைநிலை சிபிலிஸுக்கு உரிய எண். டி.பி.எச்.ஏ. நெகட்டிவ் ஆகி, முதல் விடை பொய் என்று மருத்துவர் எழுதிவைத்தால் அதே பெண்ணுக்கு ஆர்76.2. மருத்துவர் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால், இல்லாத நோய் ஆவணத்தில் ஏறிவிடும். குறியீடு எழுதுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தாளில் இருப்பதைத்தான் அவர் எண்ணாக்க முடியும்.

நோய் உறுதியானாலும் எந்த ஆய்வகமும் சொல்ல முடியாத ஒன்று மிஞ்சுகிறது: தொற்றி எத்தனை காலம்? அறிகுறியின்றி இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஏ51.5, அதற்கு மேல் என்றால் ஏ52.8. (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்தக் கோட்டை ஓராண்டில் போடுகிறது.) இது வெறும் எண் விளையாட்டு அல்ல. முன்னதற்கு 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின் ஒரே தடவை. பின்னதற்கு, காலம் தெரியாதவர்களுக்கும்கூட, வாரம் ஒன்றாக மூன்று வாரம். பழைய புண், தடிப்பு, முந்தைய சோதனைச் சீட்டு ஆகியவற்றைப் பொறுமையாக விசாரித்தால்தான் காலம் தெரியும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது அந்த விசாரணை நடக்காது.

குழந்தை பிறந்ததும் சிக்கல் இன்னும் கூடும். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போவதால், நோய் தொற்றாத சிசுவின் ரத்தமும் ‘ரியாக்டிவ்’ காட்டலாம். அதனால் இருவரையும் ஒரே சோதனையால் ஒப்பிடுகிறார்கள். தாய்க்கு 1:4, சிசுவுக்கு 1:16 என்றால் பிறவி சிபிலிஸ், அதாவது ஏ50 வரிசை, என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். தாயிடமிருந்து வந்தது மட்டும் என்றால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். ஆனால் எண்கள் சமமாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் குழந்தை மருத்துவர் தாயின் அட்டையைக் கேட்பார். பிரசவத்துக்கு 30 நாட்களுக்கு முன்பே பென்சிலின் ஊசி போடப்பட்டதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். தேதி எழுதாத அட்டை என்றால், குழந்தைக்கும் ஊசிதான்.