பழைய இசைத்தட்டுக்கு இன்னும் ஏன் விலை?

உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு பெட்டி இசைத்தட்டைப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போடவிருந்தார்கள். நான் தடுத்தேன். இதற்கு விலை உண்டு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே வாங்கினேன்.

கையடக்கத் தொலைபேசியில் எல்லாப் பாட்டும் இருக்கையில் இதை யார் வாங்குவார் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2022இல் இறுவட்டுகளைவிட இசைத்தட்டுகளே கூடுதலாக விற்றன. 1987க்குப் பின் அதுவே முதல் தடவை. உறையைக் கையில் எடுத்துப் பார்த்து, ஊசியை வைத்து, உட்கார்ந்து கேட்பதற்கே ஆட்கள் காசு கொடுக்கிறார்கள். நாகூர் ஹனிபாவை எங்கள் வாப்பாமார் அப்படித்தான் கேட்டார்கள்.

வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலந்து செய்தவை; கை தவறினால் நொறுங்கும். 1948இல் வந்த நீண்டநேர வினைல் தட்டு இலேசில் உடையாது, ஆனால் சூட்டில் வளையும். எங்கள் ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கினால் முதலே போய்விடும். நிழலில், நிமிர்த்தி வையுங்கள்.

என் பெட்டியில் பாதி கீறல் விழுந்தவை. அவற்றைப் பிரித்து வைத்து, வந்தவரிடம் காட்டினேன். நல்லதில் ஏழை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மிச்சம் இன்னும் கடையில்தான் கிடக்கிறது.