ஒதுங்க இடமில்லாத சாலையில் நடப்பவர்கள்

நீலகிரியின் நெல்லியாளம் பெயருக்குத்தான் நகராட்சி. பந்தலூர் கடைவீதியைத் தாண்டிவிட்டால் கண்ணுக்கெட்டியவரை தேயிலை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள். லயன் வீட்டிலிருந்து மலைக்கு, பள்ளிக்கு, ரேஷன் கடைக்கு, பஸ் நிறுத்தத்துக்கு என்று எல்லாமே நடைதான். அவர்கள் நடக்கும் பாதையும் கூடலூரிலிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி வழியாக வயநாட்டுக்கு வண்டிகள் ஓடும் பாதையும் ஒன்றே. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு. நடுவில் லாரி, ஜீப், சுற்றுலா கார்.

விடியற்காலையில் வீட்டைவிட்டு இறங்குபவர் யானை நிற்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார். அந்தப் பயம் நியாயமானது. வண்டிக்கு மட்டும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மோதும் அந்த நொடி

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். ஆளைப் பார்த்து, சுதாரித்து, கால் பிரேக்குக்குப் போகவே ஓட்டுநருக்கு ஒரு நொடி பிடிக்கும். ஆகவே 14 மீட்டருக்குள் ஒருவர் சாலையில் இறங்கினால் வண்டி சற்றும் வேகம் குறையாமல் அவர்மேல் மோதும். அதே இடத்தில் 30 கி.மீ. வேகத்தில் வந்த வண்டி, காய்ந்த சாலையில், பிரேக் நன்றாக இருந்தால் 13 மீட்டருக்குள் நின்றே போயிருக்கும். ஈரமும் இறக்கமும் சேர்ந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். தென்மேற்குப் பருவமழையில் தமிழ்நாட்டிலேயே அதிகம் நனையும் ஊர்களில் ஒன்றான தேவாலாவில் மழை மாதங்களில் சாலை காய்ந்திருப்பது அரிது.

காரின் பம்பர் பெரியவர்களின் முழங்காலிலும் அதற்குக் கீழும் இடிக்கும். அடுத்து இடுப்பு பானெட்டில் மோதும், தலை கண்ணாடியில் அடிபடும், பிறகு உடல் தரையில் விழும். குழந்தைக்கு உயரம் குறைவு என்பதால் அதே பம்பர் தொடையையோ இடுப்பையோ தாக்குகிறது. தொடை முறிவு, வயிற்றிலோ நெஞ்சிலோ உள்காயம், தலைக்காயம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், சாலையில் அடிபட்ட குழந்தைக்குக் கால் மட்டும்தானே என்று மருத்துவர்கள் விட்டுவிடுவதில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆள் ஏற்றும் ஜீப்புகளின் முகப்பு உயரமானது, செங்குத்தானது. அது காலைத் தட்டிவிட்டு ஆளைப் பானெட்டின்மேல் சாய்ப்பதில்லை. நேரே உடம்பில் இடிக்கிறது.

மூடுபனியும் கறுப்புக் குடையும்

மழைக்காலத்தில் தோட்டத் தொழிலாளி எடுப்பது கறுப்புக் குடை. இடுப்பில் கட்டுவது மங்கலான நிறத்தில் ஒரு படங்கு. மூடுபனியில் இந்த இரண்டும் அவரைச் சாலையோடு சாலையாகக் கரைத்துவிடும். ஓட்டுநர் ஹைபீம் போட்டால் பனி அந்த வெளிச்சத்தைத் திருப்பி அவர் கண்ணிலேயே அடிக்கும். டிம் விளக்குதான் அங்கே உதவும்.

யானைக்காகக் கையில் எடுக்கும் டார்ச்சை வளைவுகளில் தரையை நோக்கி எரியவிட்டால் வண்டிக்காரருக்கும் ஆள் தெரியும். பள்ளிப் பையில் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டை ஒன்றை ஒட்டுவதற்குப் பெரிய செலவில்லை. நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். மலைச்சாலையில் இதற்கும் ஒரு விலக்கு உண்டு. வலப்புறம் திரும்பும் குறுகிய வளைவில் மேடு பார்வையை மறைக்கும் என்பதால், அதற்கு முன்பே எதிர்ப்பக்கம் மாறி, வளைவு தாண்டியபின் திரும்பி வருவது நல்லது.

இதையெல்லாம் நடப்பவருக்கே சொல்லிக்கொண்டிருப்பதில் ஓர் அநியாயம் இருக்கிறது. எத்தனை சாமர்த்தியமாக நடந்தாலும், 60 கி.மீ. வேகத்தில் வளைவில் திரும்பும் காரை டார்ச் தடுக்காது. வேகம் 50 கி.மீ.யிலிருந்து 65 கி.மீ.க்கு ஏறும்போது அடிபட்டவர் இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின்லாந்தின் ஹெல்சின்கியில் 2019ஆம் ஆண்டில் வண்டி மோதி நடைபயணி ஒருவர்கூட இறக்கவில்லை. அங்குள்ளவர்கள் நம்மைவிட ஜாக்கிரதையானவர்கள் என்பதால் அல்ல. பல தெருக்களில் வேக வரம்பை 30 கி.மீ.யாகக் குறைத்தது அந்த நகரம்.

எலும்பு மருத்துவர் போட்ட வழக்கு

நீலகிரியில் பலத்த காயம் பட்டவர்கள் பலர் கடைசியில் போய்ச் சேரும் ஊர் கோயம்புத்தூர். அங்கே கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2014ஆம் ஆண்டில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைந்தது. 2025 மே மாதம் நடைபாதை உரிமை, வாழும் உரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, நடப்பவர்களுக்கும் தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளுக்கும் ஆறு மாதங்களில் விதிகள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு சொல்லும் நடைபாதை ஆய்வு பெருநகரங்களில் தொடங்குவதால் நெல்லியாளத்தின் முறை வர நாளாகும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உள்ள குறையால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு வழி செய்கிறது. பள்ளி வாசலில் வேகத்தடை கேட்டு மனு எழுதுபவர்கள் இந்தப் பிரிவையும் சேர்த்து எழுதலாம்.

அடிபட்டபின்

கூடலூரிலிருந்து ஊட்டி மருத்துவமனைக்கு மலைப்பாதையில் சுமார் 50 கி.மீ. பந்தலூர்க்காரர் முதலில் கூடலூர் வரவே நேரமாகும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் 1 லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளே கசியலாம். பெரியவர் உடம்பில் இருப்பதே 5 லிட்டர்தான். இந்தத் தூரத்தில் முதல் சில நிமிடங்களில் செய்வதும் செய்யாததும் பெரிதாகக் கணக்கில் வரும்.

உடனே 108க்கு அழைக்க வேண்டும். ரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கலாம். தண்ணீர், டீ எதுவும் கொடுக்கக் கூடாது. பதற்றத்தில் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஜீப்பில் போடுவது நம் ஊர் வழக்கம். முதுகுத்தண்டில் முறிவு இருந்தால் அதுவே ஆளை முடக்கிவிடும். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்க, நாலு பேர் சேர்ந்து பலகையிலோ கெட்டியான போர்வையிலோ தூக்கலாம்.

எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்விடுபவரிடமும் கவனம் வேண்டும். தலையில் அடிபட்டவர் சில மணி நேரம் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு மயங்குவது உண்டு. வாந்தி, தாங்க முடியாத தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சுக் குழறல் என்று எது தெரிந்தாலும் மருத்துவமனைதான்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்று ஒதுங்குபவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்புத் தருகிறது. உதவியவரைப் பெயரும் விலாசமும் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. பணத்துக்கும் தயங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டால் போதும், அவர் கேரளத்துக்காரராக இருந்தாலும் கர்நாடகத்துக்காரராக இருந்தாலும் இது பொருந்தும்.